மஃரிபுக்குப் பிறகு அடுத்த பக்கம்

என் வாழ்நாளில் நான் தொண்டை கிழியக் கத்தியது மூன்றே தடவைதான் என்று அக்கா கணக்கு வைத்திருக்கிறாள். முதல் தடவை, குளியலறையில் நட்டுவாக்காலியைப் பார்த்தபோது. இரண்டாவது, பிரசவ அறையில். மூன்றாவது, மரக்காணத்தில் அவள் புருஷனுடைய போட்டோ ஸ்டூடியோவில், ஒரு வியாழக்கிழமை, பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப் தொழுகை முடிந்த சற்று நேரத்தில். முதல் இரண்டும் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்கிறதுதான். மூன்றாவதைச் சொல்கிறேன்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருஷத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊருக்கு வந்தேன். குழந்தைக்கு ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை. அங்கிருந்தே வேலையைப் பார் என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது ஒரு லேப்டாப்பும் ஒழுங்கான இணையமும்தான். எங்கள் வீட்டில் இணையம் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் வரும், இறங்கினால் போய்விடும். பக்கத்துத் தெருவில் மச்சானின் ஸ்டூடியோவில் மட்டும் நல்ல லைன் இருந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் நீலத் துணிக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டு, உத்தரத்துக் கொக்கியில் குழந்தைக்குத் தூளி கட்டிக்கொண்டேன்.

"உள்ள யாருங்க பேசறது?" என்று படம் எடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"என் மச்சினிச்சி. விஞ்ஞானி. நீங்க நேரா பாருங்க, அந்தப் பக்கம் திரும்பினா அவங்களுக்குக் கோவம் வரும்" என்பார் மச்சான்.

கோபம் வரும் என்பதில் பொய்யில்லை. மூக்குக்கு மேலே வரும்.

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று அக்காவுக்கு விளக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. வானத்தில் சில நட்சத்திரங்கள் ஜோடியாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஜோடியில் ஒன்று எரிந்து முடித்து, செத்து, பூமி அளவுக்குச் சுருங்கிப்போனது. அதற்கு வெண்குறுமீன் என்று பெயர். உருவம்தான் சிறிசு, எடை கிட்டத்தட்ட சூரியனளவு. இன்னொன்று சாதாரணமாக எரிந்துகொண்டிருப்பது. செத்தது சும்மா கிடக்காது. பக்கத்திலிருப்பதன் வாயுவை இழுத்து இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டே இருக்கும்.

"செத்தவன் உசிரோட இருக்கறவன்கிட்டருந்து பிடுங்கித் தின்றானா?" என்றாள் அக்கா. "நம்ம சொந்தத்துலகூட ஒருத்தர் அப்படி இருக்காரு."

வருஷக்கணக்காக வெளியே ஒன்றும் தெரியாது. உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே வரும், பார்ப்பவனுக்குத் தண்ணீராகத்தான் தெரியும், ஒரு நாள் சட்டென்று உப்புப் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அது மாதிரி ஒரு கட்டத்தில் அந்தப் போர்வையின் அடியில் தீப்பிடிக்கும். அணுக்கள் இணைந்து எரிகிற தீ. மேற்பரப்பு முழுவதும் ஒரேயடியாகக் கொதித்தெழும். முதல் சில மணி நேரம் அதிலிருந்து வருவது பெரும்பாலும் எக்ஸ் கதிர். கண்ணுக்குத் தெரியாது. பிறகு அந்தப் போர்வை ஊதிப் பெருத்து, எக்ஸ் கதிரை உள்ளேயே விழுங்கிக்கொண்டு, சாதாரண வெளிச்சத்தை வெளியே விடும். அப்போதுதான் உலகம் புது நட்சத்திரம் ஒன்றைப் பார்க்கும். நோவா என்று பெயர் வைக்கும்.

அந்த முதல் எக்ஸ் கதிர் மின்னல்தான் விஷயம். வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், பார்த்தவர்கள் அபூர்வம். எப்போது, எந்த மூலையில் வரும் என்று தெரியாமல் எப்படிப் பார்ப்பது? நான் பழைய பதிவுகளில் தேடினேன். பூமியைச் சுற்றிக்கொண்டே வானத்தைத் திரும்பத் திரும்பத் துழாவுகிற ஒரு கருவியின் பதிவுகள். நாலு வருஷம் தேடியதில் ஒன்றே ஒன்று சிக்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை பத்து மணி. முந்தைய சுற்றில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பத்து மணிச் சுற்றில் பளீரென்று இருந்தது. அடுத்த சுற்றில் மறுபடி ஒன்றுமில்லை. அதே இடத்தில் மறுநாள் சனிக்கிழமை மாலை ஒரு நோவாவை வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

எனக்கு அது போதும். மற்றவர்களுக்குப் போதாது. அந்தக் கருவி அவ்வப்போது இல்லாததை இருப்பதாகக் காட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். என் ஆய்வை எடைபோடும் குழுவில் மூத்தவர் ஒருவர், "இது நட்சத்திரம் இல்லம்மா, கருவியோட தும்மல்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்துக்குள் அதை உண்மையென்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வின் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். அந்த அத்தியாயத்தை எடுத்தால் மிச்சமிருப்பது, தேடினேன் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற நாலு வருஷம்.

நிரூபிக்க ஒரே வழி, அந்த வெள்ளிக்கிழமை இரவு யாராவது அந்தப் பக்கத்து வானத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும். மின்னல் உண்மையென்றால் இரவுக்குள் நட்சத்திரம் வெளிச்சமாகியிருக்கும். அது மாலை மேற்கு வானம். பெரிய தொலைநோக்கிகள் அதிகம் எட்டிப்பார்க்காத மூலை. எழுதிக் கேட்காத நாடில்லை. ஒரு இடத்தில் மேகம், ஒரு இடத்தில் பழுது, ஒரு இடத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, துணிக்கு அந்தப் பக்கமிருந்து மச்சான் கேட்டார்.

"மேற்குப் பக்கமா? அந்தி நேரமா? என்கிட்ட இருக்குமே."

எங்கள் ஊரில் பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போகமாட்டார்கள். கடல் கிழக்கே. பிறை மேற்கே. உப்பளத்துக்குத்தான் போக வேண்டும். மரமோ கட்டடமோ மறைக்காமல் தரையோடு தரையாக வானம் தெரிகிற இடம் அது ஒன்றுதான். நோன்புக்கும் பெருநாளைக்கும் என்றால் வரப்பு கொள்ளாத கூட்டம் வரும். மற்ற மாதங்களில் யார் போகிறார்கள்? மச்சான் போவார். எங்கள் பிறைக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில், டிவிஎஸ்ஸில் கேமரா முக்காலியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருப் பள்ளிவாசலுக்குத் தகவல் சொல்கிற வேலை அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. முதல் நாள் தெரியாவிட்டால் மாதத்துக்கு முப்பது நாள் என்று தானாகவே முடிவாகிவிடும், தேவையே இல்லை, என்றாலும் மறுநாளும் போவார். பிறை தெரிந்தால் படம். தெரியாவிட்டாலும் படம். வானம் சுத்தமாகத்தான் இருந்தது, மேகத்தைச் சாக்குச் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சியாக, நட்சத்திரம் தெரிகிற அளவு இருட்டும்வரை நின்று அகலமாக ஒரு படம் எடுப்பார்.

"ஆப்புல பாத்தா பிறை எப்பன்னு போட்டிருக்கான், இவரு எதுக்குக் கொசுக்கடியில நிக்கிறாரு?" என்று ஊரில் கேலி. நானும் அந்தக் கேலியில் சேர்ந்து சிரித்தவள்தான்.

அவருடைய கேமராவின் கடிகாரத்தை நம்ப முடியாது. பேட்டரி கழற்றும்போதெல்லாம் அது பிறந்த வருஷத்துக்கே போய்விடும், அவரும் திருத்தமாட்டார். தேதிக்கு அவர் நம்புவது நகைக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியை. கல்யாண ஆர்டரிலிருந்து பிறை வரைக்கும் எல்லாம் அதில்தான். படங்களைக் கணினியில் போடும்போது டைரிப் பக்கத்தின் தேதியையே பெயராக வைப்பார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய டைரியைத் தேடி எடுத்தோம். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அவருடைய கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது: 'பிறை தெரியவில்லை. வானம் சுத்தம். நான் மட்டும்.'

படத்தைத் திறந்து, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் பிடித்து, என் நோவாவின் இடத்துக்கு வந்தேன். ஒன்றுமில்லை. நோவாவுக்கு இருந்திருக்க வேண்டிய வெளிச்சத்தைவிட மங்கலான நட்சத்திரங்கள்கூடச் சுற்றிலும் பொறிப்பொறியாகத் தெரிந்தன. அந்த இடம் மட்டும் வெறும் கறுப்பு. காலை பத்து மணிக்கு மின்னல் அடித்திருந்தால் மாலை ஏழு மணிக்கு அங்கே விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. மின்னல் பொய். தும்மல்தான்.

அதை மறைத்திருக்கலாம். அப்படி ஒரு படம் இருப்பது எனக்கும் மச்சானுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அன்று மதியமே பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். அவரும் தமிழ்க்காரர், மதுரைப் பக்கம், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"நீயே தேடி எடுத்து நீயே குடுத்துட்ட" என்றார் போனில். "நல்ல காரியம். ஆனா அந்த அத்தியாயம் போச்சும்மா. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டத்துல அந்த ஸ்லைடை எடுத்துடு."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் முழுசாகச் செய்து முடித்திருந்தேன். அடுத்த ஆறு நாட்கள் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. பேசினால் கடித்தேன். அம்மா சோற்றை வைத்துவிட்டு ஓடிப்போவாள். "பச்ச உடம்புக்காரி, பால் கொடுக்கறவ, இப்படிப் பொருமினா புள்ளைக்கு ஆகாது" என்று அனுமந்தை ஊரிலிருந்து வாசலுக்கு மீன் கொண்டுவரும் மீன்காரம்மாவிடம் சொல்லிப் புலம்பினாள். மீன்காரம்மா என்னைப் பார்த்து, "என்ன தங்கம், எதனா தொலஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். ஒரு நட்சத்திரம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் அழுதேன். அழுகை தீர்ந்ததும் மச்சான்மேல் கோபம் வந்தது. இந்த மனுஷன் ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், ஒளிக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. நீலத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தின் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். கடையில் அதே மீன்காரம்மா வந்திருந்தாள். பேத்திக்குக் காதுகுத்து, படம் எடுக்க வர வேண்டும் என்று சொல்ல வந்தவள். பாங்கு சொன்னதும் அவளை உட்காரச் சொல்லிவிட்டு மச்சான் தொழப் போனார். திரும்பி வந்து, டைரியை எடுத்து, ஒரு தாளைப் புரட்டி எழுத ஆரம்பித்தார். தண்ணீர் குடிக்க வெளியே வந்த நான் எட்டிப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற மனநிலை.

"மச்சான், இன்னிக்கு வியாழன். நீங்க நாளைக்குப் பக்கத்துல எழுதுறீங்க."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மஃரிப் ஆயிடுச்சுல்ல? இனிமே வெள்ளிதான்."

"காதுகுத்து ஆர்டருக்குக்கூடவா?"

"எல்லாத்துக்கும்தான். எங்க அத்தா கடைய ஆரம்பிச்ச நாள்லருந்து அப்படித்தான். பாங்கு சொன்னா பக்கத்தைத் திருப்பணும்."

கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது.

எனக்குத் தெரியாத சங்கதியா இது? எங்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. வியாழன் பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டில் வெள்ளி வந்துவிடும். அம்மா சாம்பிராணி போட்டு, குர்ஆனை எடுத்து யாசீன் ஓத உட்கார்ந்துவிடுவாள். அந்தப் புகையில் வளர்ந்தவள் நான். பிறகு பள்ளிக்கூடத்தில் நாள் நள்ளிரவில் மாறும் என்று படித்தேன். பிறகு வானியலில், ஒரே இரவு இரண்டு தேதியாக உடையக் கூடாது என்று நாளை நண்பகலில் மாற்றுகிற கணக்கும் ஒன்று உண்டு, அதையும் படித்தேன். மூன்று கணக்கும் தெரிந்தவள், மச்சான் டைரியைப் பார்த்தபோது மட்டும் கோட்டை விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பக்கம் வியாழக்கிழமை மாலை. மின்னலுக்கு முந்தின மாலை. அப்போது அங்கே இருட்டாகத்தானே இருக்க வேண்டும்.

"மச்சான், அந்த ரெண்டு வருஷத்து டைரி. அடுத்த பக்கம் எடுங்க. சனிக்கிழமைப் பக்கம்."

"என்னம்மா ஆச்சு?"

"எடுங்க சொல்றேன்."

எடுத்தார். 'பிறை தெரிந்தது. காற்று அதிகம். நான் மட்டும்.'

அந்தப் படத்தை நான் கேட்கவே இல்லை, அதனால் அவரும் தரவில்லை. சனிக்கிழமை நோவாவை உலகமே பார்த்துவிட்டது, அது எனக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். இப்போது திறந்தேன். கீழே உப்புக் குவியல்களின் கறுப்பு வரிசை. அதற்கு மேலே நகக்கீறல் போலப் பிறை. பிறைக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கம், முந்தின படத்தில் வெறும் கறுப்பாக இருந்த அதே இடத்தில், ஒரு நட்சத்திரம். சுற்றியிருந்த எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக.

கத்துவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. டைரி ஏமாற்றலாம், கேமரா ஏமாற்றலாம், மச்சினிச்சி ஏமாறலாம். நிலா ஏமாற்றாது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலத்துக்கும் மேலே அது ஒரு நாளில் நகர்ந்துவிடும். படத்திலிருந்த பிறையின் இடத்தை நட்சத்திரங்களை வைத்து அளந்து, கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை, மரக்காணம். வேறெந்த நாளுக்கும் அது பொருந்தவே இல்லை. மின்னலுக்கு ஒன்பது மணி நேரத்துக்குப் பின் எடுத்த படம். அந்த நோவாவின் வெளிச்சத்தைப் பிடித்த முதல் படம்.

அப்போதுதான் கத்தினேன்.

தூளியில் குழந்தை வீறிட்டது. மீன்காரம்மா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, "எங்க? பாம்பு எங்க?" என்றாள். மூன்றாவது வீட்டிலிருந்து அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள். நான் மச்சானின் டைரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாள் எப்ப பொறக்குதுன்னு கேக்கணும்னு எனக்கும் தோணலையே" என்று முனகினார். பிறகு, "ரெண்டு படத்தையும் அனுப்பு. நிலாக் கணக்கை நானும் போட்டுப் பாக்குறேன்" என்றார். இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் மீன்காரம்மா கிளம்பவில்லை. என்னவென்று புரியாவிட்டாலும் முடிவு தெரியாமல் போவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

"அழிச்ச ஸ்லைடையெல்லாம் திரும்ப வை" என்றார். "கடைசியில வைக்காத. முதல்ல வை."

மறுநாள் மதியம் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நீலத் துணியை முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். வியாழன் மாலை இருட்டு. வெள்ளி காலை மின்னல். வெள்ளி மாலை வெளிச்சம். மூன்றையும் வரிசையாகப் போட்டேன். தும்மல் என்று சொன்ன மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

"இந்த முதல் படத்துல ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமில்லாத படத்தை ஒருத்தர் ரெண்டு வருஷம் ஏன் பத்திரமா வெச்சிருந்தாரு?"

"பிறை தெரியலைன்னாலும் எழுதி வைப்பாருங்க. பாத்தேன், இல்லைன்னு சொல்றதுக்கும் சாட்சி வேணும்னு."

அவர் முதல் படத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். "நான் தும்மல்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். "அந்த ஒண்ணுமில்லாத படம்தான் உன் ஆய்வுலயே பெரிய படம். எடுத்தவர் பெயரைக் கட்டுரையில போடு."

துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தேன். மச்சான் முக்காலியைத் தட்டிவிட்டு, அதை நிமிர்த்தி வைக்காமல் கேமராப் பெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் அத பாக்கவே இல்லம்மா. பிறையத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"உங்களுக்கு முன்னாடி உலகத்துல யாருமே அதைப் படம் பிடிக்கல மச்சான்."

"அப்ப சும்மா நிக்கலன்ற."

சும்மா நிற்கவில்லை என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன். நான் சிரித்த கேலிக்கெல்லாம் சேர்த்து மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாகப் பிரிண்ட் போடலாம் என்ற யோசனையில் இருந்தார். இப்போது அது ஸ்டூடியோ கண்ணாடியில், மாலையும் கழுத்துமாக நிற்கும் மாப்பிள்ளை பெண்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறது.

அந்த மாதம் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் உப்பளத்துக்கு டிவிஎஸ்ஸோடு ஒரு ஆட்டோவும் போனது. அம்மா, அக்கா, இடுப்பில் குழந்தையோடு நான், பேத்தியைக் கூட்டிக்கொண்டு மீன்காரம்மா. வரப்பில் வரிசையாக நின்று கழுத்து வலிக்க மேற்கே பார்த்தோம். பிறை தெரியவில்லை. ஊர்ப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் மெலிதாக வந்து அடங்கி வெகுநேரமாகியிருந்தது. மச்சான் அகலப் படத்தை எடுத்துவிட்டு, டைரியையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

யாரும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினேன். 'பிறை தெரியவில்லை. வானம் சுத்தம்' என்று எழுதினேன். அடுத்து அவர் எப்போதும் எழுதும் 'நான் மட்டும்' என்ற இடத்தில், தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, 'நாங்கள் ஏழு பேர்' என்று எழுதிக் கொடுத்தேன்.